கோச்சி இல்லாத காலத்தில் கொழும்புக்கு எப்படிப் போய் வந்தீர்கள்?

கோண்டாவில்97 கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் கோண்டாவில், 1997இல் பிறந்தவன். எங்கள் அப்பம்மா வீட்டு வேலிக்குப் பின்னால் ஒரு பாதை இருந்தது. பெயர் 'கோச்சி றோட்'. ஆனால் அங்கே தண்டவாளமும் இல்லை, கோச்சியும் இல்லை. கொஞ்சம் உயர்ந்த மண் வரம்பு, இரண்டு பக்கமும் நாயுருவியும் ஆமணக்கும், நடுவில் சைக்கிள் போன தடம். ரியூசனுக்கு அதால்தான் போவோம். "கோச்சி றோட்டாலே போகாதையடா, பாம்பு கிடக்கும்" என்று அப்பம்மா கத்துவார். கோச்சி என்றால் ரயில் என்று தெரியாமல், ஏதோ பாம்பின் பெயர் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

முதன்முதலில் ரயிலைக் கண்டபோது எனக்கு 17 வயது. இப்போது கொழும்பில் வேலை, மாதம் ஒருமுறை இரவு ரயிலில் வந்து போகிறேன். போன கிழமை அலுவலகத்தில் ஒருவர் கேட்டார்: "இருபத்து நாலு வருடம் ரயில் இல்லாமல் உங்கள் ஆட்கள் கொழும்புக்கு எப்படி வந்தார்கள்?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் கேட்டால் அப்பா "கடலால் வள்ளத்தில்" என்கிறார், சித்தப்பா "திருகோணமலைக்குக் கப்பலில்" என்கிறார், அப்பம்மா "கோச்சியிலதான், வேறென்ன" என்கிறார். மூன்று பேருக்கும் சண்டையே வந்துவிட்டது.

அந்தக் காலத்தைக் கண்டவர்கள் யாராவது சொல்லுங்கள். அந்தத் தண்டவாளம் எல்லாம் எங்கே போனது? அடுத்தது, குடாநாட்டின் வடகிழக்குப் பக்கமான வடமராட்சிக்கு ஏன் ரயிலே இல்லை?


கேற்றடி எழுதியது:

தம்பி, வீட்டில் சண்டை வேண்டாம், மூன்று பேரும் சரி. யாழ்ப்பாணத்தில் ஒருவரிடம் "கொழும்புக்கு எந்த வழியால் போனீர்கள்" என்று கேட்டால் அவருடைய வயதைச் சொல்லிவிடலாம். அப்பம்மா 1990க்கு முன், அப்பா 1992க்கும் 95க்கும் நடுவில், சித்தப்பா அதற்குப் பிறகு. சரிதானே?

நான் ரயில் கடவைக் கேற்கீப்பரின் மகன். கோண்டாவிலுக்கும் கொக்குவிலுக்கும் நடுவில் ஒரு ஒழுங்கையில் அப்பாவின் கேற். உங்கள் அப்பம்மா வீட்டிலிருந்து நடக்கிற தூரமாகத்தான் இருக்கும். நான் பிறந்ததும் கொழும்பு யாழ்ப்பாணம் யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியதும் ஒரே வருடம், 1956. சித்திரை வருடப்பிறப்பு முடிந்து பத்து நாளில், ஏப்ரல் 23இல் அது ஓடத் தொடங்கியது. எங்கள் வீட்டில் மணிக்கூடு இருந்தது, ஆனால் ஒருவரும் அதைப் பார்ப்பதில்லை. விடியக் கொழும்பு மெயில் வந்தால் அடுப்பு மூட்ட வேண்டும், பின்னேரம் மெயில் இறங்கிப் போனால் விளக்குக்குத் திரி போட வேண்டும். மெயில் பிந்தினால் எங்கள் தேத்தண்ணியும் பிந்தும்.

அப்பாவிடம் இருந்தது ஒரு பச்சைக் கொடி, ஒரு சிவப்புக் கொடி, இரண்டு நிறமும் மாற்றக்கூடிய கண்ணாடி லாம்பு, கேற்றுப் பூட்டின் சாவி. ஒற்றைப் பாதை என்பதால் ஒரு துண்டில் ஒரு நேரத்தில் ஒரு கோச்சிதான் நிற்கலாம். அதற்கு அடையாளம் ரப்லெட். பிரம்பு வளையத்தில் தோல் பை, அதற்குள் ஒரு வில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் பிளாட்பாரத்தில் அந்த வளையத்தை நீட்டிக்கொண்டு நிற்பார், இஞ்சினிலிருந்து ஒருவர் சாய்ந்து கையைக் கோர்த்துப் பிடுங்குவார். அது கையில் இல்லாமல் டிரைவர் அடுத்த ஸ்டேஷனுக்குப் போக முடியாது. கோண்டாவில் ஸ்டேஷனில் அதைப் பார்க்கவென்றே பள்ளிக்கூடம் விட்டதும் ஓடுவோம். கரி இஞ்சின் போய் டீசல் வந்த காலம். கொழும்புத் திட்டத்தில் கனடா கொடுத்த இஞ்சின்கள், 1954இல் வந்தவை. அல்பேர்ட்டா, ஒன்ராறியோ என்று அந்த நாட்டு மாகாணங்களின் பெயரை அதில் எழுதியிருப்பார்கள். எங்கள் பிள்ளைகள் கனடாவுக்குப் போக முன்னமே கனடா எங்கள் கேற்றடிக்கு வந்துவிட்டது. எழுத்துக்கூட்டி ஆங்கிலம் வாசிக்கப் பழகியதே அந்த இஞ்சின் பக்கத்தைப் பார்த்துத்தான்.

இன்னும் பழைய கதை என்றால், பலர் நினைப்பதுபோல் ரயில் கொழும்பிலிருந்து மெல்ல மெல்ல யாழ்ப்பாணத்துக்கு வந்து சேரவில்லை. இங்கே முதலில் ஓடியது எங்கள் துண்டுதான். 1902 மார்ச் 11இல் காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரை திறந்தார்கள். தெற்கே பாதை அப்போது அனுராதபுரத்தைக்கூடத் தொடவில்லை. வன்னிக் காட்டைக் கடந்து இரண்டும் பொருந்தி முழுப் பாதையும் ஓடியது 1905 ஆகஸ்ட் 1இல். ஆக மூன்று வருடத்துக்கு மேல் யாழ்ப்பாணத்துக்குக் கோச்சி இருந்தது, ஆனால் அது கொழும்புக்குப் போகாது! அதற்கு முன் கொழும்புக்குப் போகிறவர் கப்பல் ஏறித் தீவைச் சுற்றிப் போவார், இல்லாவிட்டால் மாட்டு வண்டிலில் வன்னிக் காய்ச்சலுக்குப் பயந்து பயந்து கண்டி வீதியால் போவார். எங்கள் றோட்டுகளில் பல, டைக் துரை இங்கே அரசாங்க அதிபராக இருந்த காலத்தில் ஒழுங்கானவை. 1829 முதல் 1867 வரை அந்த ஒரே மனிதர்தான். பழைய பூங்காவும் அவருடைய வேலை.

இனி 1990. அதற்கு முன்னமே கோச்சி நொண்டத் தொடங்கிவிட்டது. 1985 ஜனவரி 19இல் முறிகண்டியில் யாழ்தேவிக்குக் குண்டு வைத்ததில் பலர் செத்தார்கள். பிறகு விட்டு விட்டு ஓடியது. 1990 ஜூன் 13இல் கடைசியாக ஓடியது. அது கடைசி என்று அப்பாவுக்குத் தெரியாது. வழக்கம்போல் கேற்றைத் திறந்துவிட்டு, கொடியைச் சுருட்டி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

தண்டவாளம் எங்கே போனது என்று கேட்டீர்கள். பதுங்குகுழிக்குப் போனது. இராணுவம், புலிகள் இரண்டு பக்கத்தாரும் எடுத்தார்கள். தண்டவாளத்தைக் குறுக்கே போட்டு, மேலே சிலிப்பர் கட்டை அடுக்கி, மண் மூட்டை வைத்தால் ஷெல்லுக்குத் தாங்கும். சனமும் சும்மா இருக்கவில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுப் பங்கரின் கூரை முழுக்கச் சிலிப்பர் கட்டை. பிறகு விறகில்லாத காலத்தில் அந்தக் கட்டைகளைப் பிளந்து எரித்தார்கள். சல்லிக்கல் கிணற்றடிக்கும் அத்திவாரத்துக்கும் போனது. நீங்கள் கண்ட மண் வரம்புதான் மிச்சம். எங்கள் பள்ளிக்கூடத்தில் மணிக்குப் பதிலாக முன்னரே ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், அது மட்டும் தப்பியது. யாழ்ப்பாணத்தில் முழு ரயில்வேயும் போனபின் ரயில்வே என்று சொல்ல எனக்குத் தெரிந்து மிஞ்சியது அந்த ஒன்றரை அடி இரும்பு.

உங்கள் அப்பா சொன்ன வள்ளம், கிளாலி. ஆனையிறவு மூடிக் கிடந்தது. முதலில் பூநகரிப் பக்கம் சங்குப்பிட்டியால் போனார்கள். அதுவும் அடைபட, கொம்படி வெளியால் சேற்றிலும் தண்ணீரிலும் நடந்தும் டிரக்டரிலும் போனார்கள். பிறகு கிளாலிக் கடல். நான் 1993இல் அக்காவின் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பிள்ளைக்கு வெளிநாட்டு மாப்பிள்ளை பேசி முடித்தாயிற்று, கொழும்புக்குப் போய்த்தான் பிளேன் ஏற வேண்டும். வெளியே போகப் புலிகள் இயக்கத்தின் பாஸ் எடுத்தோம். சூட்கேஸ் சரிவராது என்று கல்யாண உடுப்பெல்லாம் பொலித்தீனில் சுற்றி உரப்பைக்குள் கட்டினோம். மத்தியானம் கோண்டாவிலிலிருந்து சைக்கிளில் வெளிக்கிட்டோம், பிள்ளை பின் கரியரில், உரப்பை முன்னுக்கு. கிளாலிக் கரையில் இருட்டும் வரை இருந்தோம். நேவி வரும் என்பதால் இரவில்தான் ஓட்டம். ஒரு மோட்டார் வள்ளத்தின் பின்னால் நாலைந்து வள்ளங்களைக் கயிற்றில் கோர்த்து இழுப்பார்கள். லைட் இல்லை, கதை இல்லை, குழந்தை அழுதால் எல்லோரும் அந்தத் தாயைப் பார்ப்பார்கள். அந்த வருடத் தொடக்கத்தில் அதே கடலில் சனத்தைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். தண்ணீர் தெறித்துத் தெறித்து இடுப்புவரை நனைந்தோம், உரப்பை நனையவில்லை. அக்கரையில் டிரக்டர், பிறகு வான், பிறகு நடை, தாண்டிக்குளத்தில் சோதனை, வவுனியாவில் இன்னொரு பாஸ். நாலாம் நாள் கொழும்பு. யாழ்தேவியில் பகலுக்குள் போய் இறங்குகிற தூரம்.

1995 அக்டோபர் 30 இரவை விட்டுவிட முடியாது. இராணுவம் நெருங்க, யாழ்ப்பாண நகரமும் வலிகாமமும் முழுக்க எழும்பி நடந்த இரவு. தென்மராட்சிக்குப் போக இருந்தவை இரண்டு வழி, கண்டி வீதியில் நாவற்குழிப் பாலம், மற்றது கோப்பாய் வெளியால் கைதடி. மழை. சைக்கிளை உருட்டத்தான் இடம் இருந்தது, ஏற இடமில்லை. கோண்டாவிலிலிருந்து நாவற்குழிக்குச் சாதாரண நாளில் அரைமணித்தியால சைக்கிள் ஓட்டம். எங்களுக்கு அன்றைக்குப் பதினான்கு மணித்தியாலம்.

திரும்பி வந்த பிறகு தரைவழி இல்லை. அப்போதுதான் உங்கள் சித்தப்பாவின் கப்பல். திருகோணமலைக்கு லங்கா முடித ஓடியது, பிறகு சிற்றி ஒஃப் றிங்கோ. காசும் அனுமதியும் உள்ளவர்கள் பலாலியால் பறந்தார்கள். 1998 செப்டம்பர் 29இல் அப்படிப் பறந்த லயன் எயார் விமானம் 55 பேரோடு கடலில் விழுந்தது, சுட்டு விழுத்தப்பட்டதுதான். 2002 ஏப்ரலில் ஏ9 கண்டி வீதி திறந்தது, முகமாலையிலும் ஓமந்தையிலும் இறங்கி ஏறிப் போனோம். 2006 ஆகஸ்ட் 11இல் மறுபடி பூட்டு. மறுபடி கப்பல், இந்த முறை கிறீன் ஓசன். யுத்தம் முடிந்த பிறகுதான் றோட் நிரந்தரமாகத் திறந்தது.

வடமராட்சிக் கதையை அந்தப் பக்கத்து ஆட்கள் சொல்லட்டும், நான் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.


கரவெட்டியாள் எழுதியது:

சண்டைக்கு வந்துவிட்டேன், கேற்றடி ஐயா. கோச்சி காங்கேசன்துறைக்குப் போனது துறைமுகம் அங்கே இருந்ததால். 1950இல் சீமெந்துத் தொழிற்சாலையும் அங்கே வர, கூட்ஸ் வண்டிக்கு வேலை கூடியது. எங்களுக்கும் பருத்தித்துறை, வல்வெட்டித்துறை என்று துறைகள் இருந்தன, ஆனால் எங்கள் ஆட்களுக்குக் கப்பலே சொந்தம், கோச்சியை யார் கேட்டது? வல்வெட்டித்துறைப் பாய்க்கப்பல் 'அன்னபூரணி' 1938இல் அமெரிக்கக் கரையில் போய் நின்றது. அந்தப் பெருமையில் தண்டவாளத்தை மறந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

எங்களுக்குக் கோச்சி ஸ்டேஷன் என்றால் கொடிகாமம். அங்கே போகத் தட்டிவான். இந்தக் காலப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: பழைய வண்டிச் சட்டத்தின்மேல் மரத்தால் பெட்டி அடித்து, பக்கமெல்லாம் திறந்தபடி, குறுக்கே வாங்குப் பலகை. பின்னால் சங்கிலியில் தொங்கும் பலகைத் தட்டி. ஆள் ஏற இடமில்லையென்றால் தட்டியில் நிற்க வேண்டும், மூட்டை என்றால் கூரையில். கொடிகாமம் சந்தைக்குப் போகும்போது மேலே கருவாட்டுக் கடகமும் மீன் பெட்டியும். திரும்பி வரும்போது பலாப்பழம், மாங்காய், தேங்காய், சிலநேரம் ஆடு. வரணி தாண்டி முள்ளி வெளியில் காற்றடித்தால் மேலே கட்டிய ஓலையெல்லாம் கிளம்பும். அம்மம்மாவின் மடியில் நானும் என் மடியில் ஒரு கோழியும் போயிருக்கிறோம். கோழிக்கும் ரிக்கற் கேட்டார் கொண்டக்டர். அம்மம்மா, "அது இருந்து வரேல்லை, படுத்துத்தான் வருது" என்றார். அவர் விட்டுவிட்டார்.

யாழ்ப்பாணத்துக்கு 750 பஸ். 1958இல் பஸ் கொம்பனிகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துச் சி.ரி.பி (இலங்கைப் போக்குவரத்துச் சபை) ஆக்கியது. அதற்கு முன் கொம்பனிக் காலத்தில் இரண்டு பஸ்காரர் ஒரே ஆளின் இரண்டு கையையும் பிடித்து இழுப்பார்கள் என்று அப்பா சொல்வார். இப்போது 750இல் போகும்போது அதைக் கேள்விப்பட்ட கதை என்று சொல்ல மாட்டேன். வல்லை வெளியில் முனியப்பருக்குக் காசு போட பஸ் மெதுவாகும், அது மட்டும் இரண்டு காலத்துக்கும் பொது.

யுத்தத்தில் எங்கள் பக்கத்துக்குப் பெற்றோல் தடை இருந்த வருடங்களை ஒருவரும் சொல்லவில்லையே? எங்கள் ஊர்க் கல்யாணக் கார் ஒரு ஏ40. மண்ணெண்ணெயில் ஓடும். ஸ்டார்ட் பண்ண மட்டும் பெற்றோல், அதுவும் மருந்துப் போத்தலில். பொனற்றைத் திறந்து காபுரேற்றருக்குள் நாலு துளி விட்டு, ஒருவர் ஓடிப்போய் சாவியைத் திருப்புவார். பிடித்தால் பின்னால் வீதி முழுக்க வெள்ளைப் புகை. என் பெரியக்காவின் தாலிகட்டு அல்பத்தில் மாப்பிள்ளை காரிலிருந்து இறங்குகிற படத்தில் மாப்பிள்ளையைத் தெரியாது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளை சைக்கிளில்தான் வந்தார். படம் நன்றாக வந்தது.


வேலணைத்துறை எழுதியது:

கோச்சி, பஸ் என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். தீவுப்பகுதி ஆள் என்ற முறையில் ஒன்று. நீங்கள் 'பாதை' என்றால் நிலத்தில் கிடப்பதை நினைப்பீர்கள். எங்களுக்குப் பாதை மிதக்கும். ஊர்காவற்துறைக்கும் காரைநகருக்கும் நடுவில் ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிப் போகிற மிதவைக்குப் பெயரே பாதைதான். "பாதை அக்கரையில் நிற்குது" என்று நாங்கள் சொல்வதை வெளியூர் ஆட்கள் கேட்டுவிட்டு விழிப்பார்கள். சங்குப்பிட்டியிலும் அப்படிப் பாதை இருந்ததுதான். 2011 ஜனவரியில் 288 மீற்றர் பாலம் திறந்தபின் அது போயிற்று. மன்னார்ப் பக்கம் போகிறவர்கள் இப்போது பரந்தன் சுற்றாமல் பூநகரியால் போகிறார்கள்.

கடலுக்குக் குறுக்கே போட்ட பண்ணைத் தாம்போதியால் வேலணை, வேலணையிலிருந்து இன்னொரு தாம்போதியால் புங்குடுதீவு, அதன் முனையில் குறிகட்டுவான். அங்கே றோட் முடியும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் வள்ளம். காரைநகருக்குப் பொன்னாலைத் தாம்போதி தனி. நெடுந்தீவு ஆட்களிடம் 'குமுதினி' என்று சொன்னால் கொஞ்ச நேரம் பேச மாட்டார்கள். 1985 மே 15இல் அந்தப் படகுக்குள் வைத்துச் சனத்தை வெட்டினார்கள். அதே குமுதினி திருத்தப்பட்டுப் பிறகும் பல வருடம் ஓடியது, அதே ஆட்கள் அதிலேயே ஏறினார்கள். வேறு படகு இல்லையே. 2017இல் நெடுந்தாரகை என்ற புதுப் படகு வந்தது. கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை, இதுவும் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ரயில் 24 வருடம் இல்லை என்று நீங்கள் கவலைப்படுகிறீர்கள், எங்களுக்கு வாடைக்காற்றுக் காலத்தில் கிழமைக்கு இரண்டு நாள் உலகமே இல்லை.


கோண்டாவில்97 எழுதியது:

நன்றி எல்லோருக்கும். அப்பம்மாவுக்கு முழுக்க வாசித்துக் காட்டினேன். கோழிக் கதையில் சிரித்தவர், நாவற்குழி வந்ததும் எழும்பிக் குசினிக்குப் போய்விட்டார். கேற்றடி ஐயா, இன்னும் ஒன்று கேட்கலாமா? மறுபடி கோச்சி வந்த நாளில் எங்கே நின்றீர்கள்? அப்பாவின் கேற் இப்போது இருக்கிறதா?


கேற்றடி எழுதியது:

2014 அக்டோபர் 13. எல்லோரும் யாழ்ப்பாண ஸ்டேஷனுக்கு ஓடினார்கள், நானும் போனேன். சனத்தில் கோச்சியைக் காணவில்லை, கோச்சிக்கூரை மட்டும் தெரிந்தது. எனக்கு அந்த நாள் பெரிதாகப் படவில்லை, ஏனென்றால் அன்றைக்கு அது எங்கள் கேற்றடிக்கு வரவில்லை. காங்கேசன்துறை வரை ஓடியது 2015 ஜனவரி 2இல். அன்றைக்கு நான் ஒழுங்கையில்தான் நின்றேன். அப்பா போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம்.

பளையிலிருந்து காங்கேசன்துறைவரை 56 கிலோமீற்றரையும் இந்தியக் கடனில் இர்கொன் கொம்பனி புதிதாகவே போட்டது. அளக்க வந்தபோது வரம்பில் வீடு கட்டி இருந்தவர்கள் எழும்ப வேண்டி வந்தது. இருபது வருடம் இருந்த இடம், அவர்களையும் குறை சொல்ல முடியாது. கொங்கிறீற் சிலிப்பர், மூட்டுத் தெரியாமல் ஒட்டிய நீளத் தண்டவாளம். எங்கள் காலத்து 'தடக் தடக்' இல்லை. ஒரு இரைச்சல் வரும், என்ன என்று திரும்ப முன்னம் போய்விடும். பழைய பாதையில் இந்த வேகத்தில் ஒன்றும் ஓடியதில்லை.

அதுதான் கரைச்சலாகவும் போயிற்று. உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு அது சைக்கிள் பாதை. உங்கள் அப்பம்மாவுக்கு அது பாம்புப் பாதை. கோச்சி வரும் என்று காது பழகிய ஒருவரும் மிச்சமில்லை. முதல் இரண்டு மூன்று வருடத்தில் கடவைகளில் எத்தனை மோட்டார் சைக்கிள், எத்தனை ஓட்டோ, வான். பல கடவைகளில் கேற்றே இல்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியனைத் தற்காலிகக் காவலுக்கு வைத்தார்கள். ஒரு கயிறு, ஒரு கொடி, ஒரு குடை. நாள் சம்பளம் 250 ரூபா. ஓட்டோவில் சுன்னாகம் போய் வரக் காணாது.

அவனுக்குப் பின்னேரத்தில் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒருநாள் கோச்சி வருகிற நேரம் அவன் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறான், பின்னால் கயிற்றுக்குக் கீழால் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை சைக்கிளைச் சரித்து நுழைகிறாள். நான் போட்ட சத்தத்தில் என் கையிலிருந்த கிளாஸ் போயிற்று, பிள்ளை நின்றுவிட்டாள். அப்பா எனக்குச் சொன்னதை அவனுக்குச் சொன்னேன்: கோச்சி தன்பாட்டில் வரும், தன்பாட்டில் போகும், அதைப் பார்க்கத் தேவையில்லை, நீ றோட்டைப் பார். பெடியன் அதற்குப் பிறகு தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டித்தான் நின்றான். இரண்டு வருடத்தில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான். இப்போது அங்கே மணி அடிக்கிற தடை போட்டிருக்கிறார்கள்.

அப்பாவின் கேற் இல்லை. 1991இலேயே இரும்பு போய்விட்டது. கேற்றடி வீட்டின் அத்திவாரம் கொஞ்சம் கிடந்தது, புதுப் பாதை போட்டபோது அதையும் கிளப்பிவிட்டார்கள். சாவி மட்டும் இருக்கிறது. 1995இல் வெளிக்கிட்ட இரவு அப்பா மடியில் எதையோ செருகினார், காசு என்று நினைத்தோம். மீசாலையில் போய் இருந்து அவிழ்த்துப் பார்த்தால் அந்தச் சாவி. கேற் போய் நாலு வருடம், கோச்சி போய் ஐந்து வருடம். அம்மா பேசின பேச்சு மூன்று நாளைக்கு ஓயவில்லை, வீட்டுச் சாவியை அப்பா எடுக்க மறந்து வந்திருந்தார்.

இப்போது என் சைக்கிள் சாவிக் கொத்தில் அது கிடக்கிறது. அடுத்தமுறை ஊருக்கு வந்தால் அப்பம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், காட்டுகிறேன். காலை எட்டரைக்கு முன்னம் வரவேண்டும், பிறகு நான் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்விடுவேன்.